பேக்கரிக்கு அடியில் ஒரு குளம்

நான் நின்றுகொண்டிருந்த இடம் ஒரு குளத்தின் நட்டநடு என்று நில அலுவலகம் சொன்னது. என் செருப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை. எதிரே செங்கல் அடுப்பு. பக்கத்தில் ரொட்டித் தட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மாவு மூட்டையின் மேல் நோட்டீஸை விரித்து வைத்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டினேன். துப்பறிகிறவன் தலையை ஆட்டினால் அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று எதிரில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் அது. இரண்டாவது பாடம் இன்னும் நடத்தப்படவில்லை.

"புரிஞ்சிடுச்சா மாமா?" என்றாள் தந்தி.

"புரியுது."

"அப்ப நோட்டீஸ நேரா வைங்க. தலைகீழா இருக்கு."

தந்தி என் மனைவியின் தங்கை. என் உதவியாளரும் அவள்தான். நாலே வார்த்தையில் பேசுவாள். அந்த நாலும் நம் மேல்தான் வந்து விழும். அதனால் குடும்பத்தில் அந்தப் பெயர். அவளை நான் வேலைக்கு வைக்கவில்லை. "இவர தனியா வெளிய விட பயமா இருக்கு" என்று என் மனைவிதான் அனுப்பி வைத்தாள். 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று என் அறை வாசலில் மாட்டியிருந்த பலகை அன்றோடு அர்த்தமிழந்தது.

எங்களை வரவழைத்தவர் பேக்கரி அக்கா. என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் அந்தப் புறவழிச் சாலையில் வண்டியை நிறுத்தி ரொட்டி வாங்கும் லாரிக்காரர்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"இன்னிக்கு மத்தியானம் விசாரணை சார்," என்றார் அவர். "இங்க குளம் இருந்ததில்லனு நாங்க நிரூபிக்கணுமாம். இல்லன்னா கடை, மாடில வீடு, எல்லாத்தையும் இடிச்சிடுவாங்களாம். இல்லாத ஒண்ண இல்லனு எப்படிங்க நிரூபிக்கறது?"

"இருக்கறத நிரூபிக்கறதே கஷ்டம்க்கா," என்றாள் தந்தி. "மாமாவோட மூளைய எடுத்துக்கங்க."

விஷயம் இதுதான். காணாமல் போன நீர்நிலைகளைக் கண்டுபிடிக்கிறோம் என்று நில அலுவலகம் கிளம்பியிருந்தது. நல்ல காரியம்தான். அதற்காகத் தன் ஊழியர்கள் சிலரை ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பி, செயற்கைக்கோள் எடுக்கும் படங்களை வாசிக்கக் கற்றுக்கொண்டு வரச் சொன்னது. அந்தப் பயிற்சியில் பழைய படம் ஒன்றை வைத்து யாரோ செய்த வரைபடத்தைத்தான் நோட்டீஸோடு இணைத்திருந்தார்கள். பேக்கரி கட்டுவதற்கு முன்னால் எடுத்த படம். அதில் இந்த இடம் பளிச்சென்று நீலமாக இருந்தது. அந்த நீலத்தின் மேல் பேக்கரி இருக்கும் இடத்தைக் காட்டிச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. சுற்றிலும் வெறும் பொட்டல். லாரிகளை எடை போடும் மேடை ஒன்றுதான் பக்கத்துக் கட்டடம், அதுவும் பேக்கரிக்குப் பின்னால் வந்தது. சாட்சி சொல்ல அந்தக் காலத்து அக்கம்பக்கத்தார் யாரும் கிடையாது.

சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் அப்பா. அடுப்பைத் தன் கையால் கட்டியவர்.

"குளம்னா தவளை கத்தணும்ல," என்றார் அவர், எங்களைப் பார்க்காமல். "நான் வந்தப்ப தவளையும் இல்ல, தண்ணியும் இல்ல. சிமெண்ட் கலக்கவே லாரில தண்ணி வரவழைச்சேன்."

அக்கா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். குரல் இறங்கியது.

"தம்பி அந்த ஆபீஸ்லதான் சார் வேலை பாக்கறான். நோட்டீஸ் வந்த அன்னிக்கு அப்பாகிட்ட, 'உண்மையச் சொல்லுங்கப்பா, குளத்தத் தூத்துட்டுத்தான் கட்டினீங்களா'னு கேட்டான். அப்பா இல்லன்னாரு. அவன் மறுபடியும் கேட்டான். அன்னிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. கடை போனா வேற எடத்துல அடுப்பு போட்டுக்கலாம் சார். ஊர் குளத்தத் திருடினவர்னு அப்பாவுக்குப் பேர் வந்துட்டா அத எங்க போய் மாத்தறது? அதுவும் பெத்த புள்ளையே நம்பினா?"

வழக்கமாக என்னிடம் வருவது காணாமல் போன பூனை, காணாமல் போன மாப்பிள்ளை இந்த வகைதான். இரண்டுமே பசித்தால் தானாக வீடு திரும்பிவிடும். பெருமை எனக்கு வந்து சேரும். இது அப்படிப்பட்ட வழக்கு இல்லை.

தம்பி மாடியிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார். காதோரத்தில் மாவு ஒட்டியிருந்தது. விடியற்காலையிலிருந்து அடுப்பு வேலை, அதன்பின் குளித்துவிட்டு அலுவலகம் என்று அக்கா சொன்னார். அப்பா இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

"உங்க ஆபீஸ் படம்தானே, கொஞ்சம் சொல்லுங்க," என்றேன்.

"எங்கள்ல சில பேரப் பயிற்சிக்கு அனுப்பினாங்க, நானும் போனேன் சார். நீலம் தண்ணி. பச்சை செடி கொடி. பழுப்பு வெறும் மண்ணு."

"இந்த வெள்ளை?"

படத்தில் மூன்று இடங்களில், எலி கடித்தது போல, வெள்ளையாக ஓட்டைகள் இருந்தன. ஒன்று பேக்கரிக் குளத்துக்குக் கொஞ்சம் கிழக்கே.

"அது ஒண்ணுமில்ல சார். அழிச்ச எடம்," என்று சொல்லிவிட்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.

ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னால் அங்கே ஒன்றரையாவது இருக்கும் என்பது என் அனுபவம். அழித்த இடம். எதை அழித்தார்கள்? யார் அழிக்கச் சொன்னது? எனக்கு ரோமம் சிலிர்த்தது.

"தந்தி, இது சாதாரண விஷயம் இல்ல. படத்துல இருந்த எதையோ மறைச்சிருக்காங்க. ரகசியத் தொழிற்சாலையா இருக்கலாம். விமானத் தளமா இருக்கலாம்."

"மூணு விமானத் தளமா மாமா? பேக்கரிக்குப் பக்கத்துலயா?"

"பைலட்டுக்குப் பசிக்காதா?" என்றேன். கேட்டபின் எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குள் அக்கா பட்டர் பேப்பரில் நாலு பன்னைச் சுற்றி தந்தியின் கையில் கொடுத்து எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

பயிற்சி மையம் மாடியில் இருந்தது. ஏ.சி. மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவது என் திட்டம். அதற்காக ஸ்குரூடிரைவர்கூட எடுத்துப் போயிருந்தேன். கதவைத் திறந்ததுமே, கையில் மார்க்கர் பேனாவோடு நின்ற டீச்சர், "லேட்," என்றார். "எந்தத் துறை?"

"தேடுதல் துறை மேடம்," என்றாள் தந்தி.

"கடைசி வரிசைல உக்காருங்க."

உட்கார்ந்தோம். திரைச்சீலைகள் இறக்கிய அறை. ஆளுக்கொரு கம்ப்யூட்டர். வனத்துறை, வேளாண்மை, குடிநீர் வாரியம் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் திரையில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார்கள். என் திரையில் ஒரு படம். அதில் பெரிய மலை ஒன்று முழுக்க ரத்தச் சிவப்பில் இருந்தது. குடிமகனின் கடமை என்று ஒன்று இருக்கிறதே, எழுந்தேன்.

"மேடம், காடு பத்தி எரியுது."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, மாசத்துக்கு ஒருவராவது இப்படி எழுந்து நின்றுவிடுவார் போல.

"எரியல. செழிப்பா இருக்கு. நல்லா இருக்கற செடி, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அள்ளி வீசும். அதத்தான் இங்க சிவப்பா காட்டறோம். எவ்வளவு சிவப்போ அவ்வளவு ஆரோக்கியம். உக்காருங்க."

தீயணைப்பு நிலையத்துக்குப் போட இருந்த போனைப் பையில் வைத்தேன்.

அடுத்து, கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். தண்ணீர் எது, மரம் எது, கட்டடம் எது என்று நாம் படத்தில் சில இடங்களைத் தொட்டுக் காட்டினால், மீதி ஊரை அதுவே பிரித்துக் கொடுத்துவிடும். எனக்கு உற்சாகமாகிவிட்டது. எனக்குக் கீழே படிக்க ஒருவர் கிடைப்பது இதுதான் முதல் தடவை. கறுப்பாக நீண்டு கிடந்த ஒன்றைத் தொட்டு, இதுதான் தண்ணீர் என்று காட்டினேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஊரில் இருந்த சாலைகளை எல்லாம் ஆறாக்கிவிட்டது. நான் தொட்டது புதிதாகத் தார் போட்ட சாலை.

"பஸ்ல வந்தோம் மாமா," என்றாள் தந்தி. "போறப்ப நீந்தணும்."

டீச்சர் வந்து பார்த்தார். "கறுப்பா இருக்கறதெல்லாம் தண்ணி இல்ல சார். பழக்கறவங்க தப்பா காட்டினா, தப்பையும் அது சிரத்தையா கத்துக்கும். அழிச்சிட்டு மறுபடி செய்ங்க."

அழி என்ற சொல்லைக் கேட்டதும் என் தொழில் நினைவுக்கு வந்தது. நோட்டீஸ் வரைபடத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். வெள்ளை ஓட்டையில் விரலை வைத்தேன்.

"இந்த எடத்துல எதையோ அழிச்சிருக்காங்க. அழிக்கச் சொன்னது யாரு மேடம்?"

"நான்தான்."

இந்த மாதிரி நேரத்துக்கென்றே நான் ஒரு குரல் வைத்திருக்கிறேன். கண்ணாடி முன் நின்று பழகியது. அதை எடுத்தேன்.

"எதை?"

"மேகத்த."

"என்னது?"

"மேகம் சார். வானத்துல இருக்குமே. அது படத்துல இருந்தா கீழ இருக்கறது தெரியாது. அதனால மேகம் இருக்கற எடத்த மொதல்ல வெட்டி எடுத்துடணும். வெட்டின எடம் வெள்ளையா நிக்கும். மொத நாள் பாடம்." அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"மேகத்த வெட்டு, மிச்சத்தப் பிரி," என்று வகுப்பே ஒன்றாக ஒப்பித்தது.

நான் விமானத் தளத்தையும் தொழிற்சாலையையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வண்டி நிறுத்தும் இடத்தில், சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். காலை வெயில் சாய்வாக வந்து முகத்தில் அடித்தது. தந்தி குடையை விரித்துத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு பன்னைப் பிரித்தாள். எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. மத்தியானம் ஒரு பெரியவருடைய அடுப்பை இடிக்கப்போகிறார்கள். அதைத் தடுக்க வந்தவன் கையும் களவுமாகப் பிடித்தது ஒரு மேகத்தை.

"வெயில் போயிடுச்சு," என்று தந்தி குடையை மடக்கினாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் துடைத்து வைத்த மாதிரி நீல வானம். "மேகமே இல்லையே. எப்படி நிழல் வந்துச்சு?"

"தலைக்கு மேல ஏன் தேடறீங்க? அதோ." மதில் சுவருக்கு மேலே, சூரியன் இருந்த பக்கம், குடை நுனியால் காட்டினாள். "மேகம் அங்க. நிழல் இங்க."

அந்தக் கணத்தில் எனக்குள் ஏதோ உதித்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் சூரியன் மறைந்தது, அவ்வளவுதான். ஆனால் நான் பன் சுற்றியிருந்த பட்டர் பேப்பரை அவள் மடியிலிருந்து பிடுங்கினேன்.

"மாமா, பன்னு."

"பன்னு இருக்கட்டும். பேனா குடு."

வெண்ணெய் ஊறிய பட்டர் பேப்பர் வழியாகக் கீழே இருப்பது நன்றாகத் தெரிந்தது. பேக்கரிக்குக் கிழக்கே இருந்த வெள்ளை ஓட்டையின் மேல் அதை வைத்து ஓரத்தை அப்படியே வரைந்தேன். ஒரு பக்கம் ஆட்டுக் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு சின்னக் குடைவு. வரைந்ததை மெதுவாக மேற்கே நகர்த்தினேன். அது நேராகப் போய்ப் பேக்கரிக் குளத்தின் மேல் உட்கார்ந்தது. ஆட்டுக் காது குளத்தின் கோடியில் பொருந்தியது. குடைவு கரையின் குடைவில் பொருந்தியது.

தந்தி மெல்லுவதை நிறுத்தினாள். "அடுத்த ஓட்டையப் பாருங்க."

அதையும் வரைந்தோம். அதே பக்கம், அதே அளவு நகர்த்தினோம். அங்கேயும் ஒரு குளம் காத்திருந்தது. மூன்றாவதற்கும் அப்படியே. படத்தில் மூன்று மேகம் வெட்டப்பட்டிருந்தது. மூன்றுக்கும் ஒரே பக்கத்தில், ஒரே தூரத்தில், அதே உருவத்தில் ஒரு குளம்.

"குற்றவாளிய வெட்டி எறிஞ்சிட்டு அவனோட நிழலக் கைது பண்ணியிருக்காங்க," என்றேன்.

"நல்லாருக்கு மாமா. யாரு சொன்னது?"

"நான்தான்."

"நம்பற மாதிரி இல்ல," என்றாள். ஆனால் எனக்கு முன்னால் அவள்தான் படியேறினாள்.

டீச்சர் பட்டர் பேப்பரை நகர்த்திப் பார்த்தார். இன்னொரு முறை நகர்த்திப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வெட்டாத மூலப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். வெள்ளை ஓட்டை இருந்த இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு மேகம். அதன் மேற்கே அதே உருவத்தில் கறுப்பாக நிழல். அதைத்தான் கம்ப்யூட்டர் தண்ணீர் என்று நீலமாக்கியிருந்தது. அடுத்து, அதே இடத்தை வேறொரு நாள் எடுத்த படத்தைத் திறந்தார். காய்ந்த பழுப்பு மண். ஒரு சொட்டு நீலம் கிடையாது.

"ரெண்டு நாள் படத்த ஒப்பிட்டுப் பாத்திருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது," என்றார். "அது இரண்டாம் கட்டப் பயிற்சி. முதல் கட்டமே போதும்னு நில அலுவலகம் ஆளுங்களத் திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு."

"நிழலையும் வெட்டணும்னு முதல் கட்டத்துல சொல்றதில்லையா?"

"சொல்றேனே. அது சாப்பாட்டுக்கு அப்பறம் வர்ற வகுப்பு." அவர் குரலில் சுரத்தில்லை. "விளக்க அணைச்சிட்டுப் படம் போட்டுக் காட்டுவேன்."

"ஏ.சி. ஓடுமா?"

"ஓடும்."

மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. அந்த இருட்டில், வயிறு நிறைந்தபின் விழித்திருக்க என்னாலும் முடியாது.

"இதுக்கு முதல் பரிசு குடுத்ததே நான்தான் சார்," என்றார் டீச்சர். "மேகத்தோட ஓரத்த இவ்வளவு சுத்தமா யாருமே வெட்டினதில்ல. அதப் பாத்து மயங்கி, பக்கத்துல என்ன கெடக்குதுனு பாக்காம விட்டுட்டேன். அவர் இவ்வளவு சுத்தமா வெட்டலன்னா இன்னிக்கு உங்க பேப்பர் பொருந்தியிருக்காது."

"யாரு செஞ்சது?"

"பேர் சொல்ல மாட்டோம். தப்பு பண்ணிப் பழகத்தான் பயிற்சி. பயிற்சிப் படத்த வெச்சு நோட்டீஸ் அடிச்சாங்களே, அவங்களக் கேளுங்க."

"செஞ்சவருக்கு இது எந்த ஊர்னு தெரியுமா?"

"தெரியாது. ஊர் பேர், ரோடு பேர் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் படம் குடுப்போம், செஞ்சு முடிச்சப்பறம் நாங்களே சேத்துடுவோம். ஞாபகத்துலேருந்து எழுதக்கூடாது, பாத்து எழுதணும்." அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல தம்பி. சாப்பிட்டு வந்ததும் முதல் வரிசைலயே தூங்கிடுவாரு. பாவம், எழுப்பவே மனசு வராது. அவர் உக்காந்தா அந்த வரிசை முழுக்கப் புது ரொட்டி வாசம் அடிக்கும்."

நான் தந்தியைப் பார்த்தேன். தந்தி என்னைப் பார்த்தாள். தன் காதோரத்தைத் தொட்டுக் காட்டினாள்; காலையில் தம்பிக்கு மாவு ஒட்டியிருந்த இடம்.

விடியற்காலையில் எழுந்து அப்பாவின் அடுப்பில் வேலை செய்த களைப்பில்தான் அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கியிருக்கிறது. அந்தத் தூக்கம்தான் அடுப்பை இடிக்க வருகிறது.

டீச்சர் இரண்டு படங்களையும் அச்செடுத்துக் கொடுத்தார். வகுப்பை விட்டுவிட்டு வர முடியாது என்றார். நாங்கள் நில அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது தம்பி தாழ்வாரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் படம் உங்களோடதுதானே?" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. "நோட்டீஸ் வந்த அன்னிக்குத்தான் சார் எனக்கே தெரியும். என் படம், என் வீடு." எச்சிலை விழுங்கினார். "படத்துல குளம் இருக்கு. அப்பா இல்லங்கறாரு. ரெண்டுல ஒண்ணு பொய். படம் நான் செஞ்சது, ஒவ்வொரு ஓரமும் என் கையால வெட்டினது. அதனால அப்பாவச் சந்தேகப்பட்டேன்."

பட்டர் பேப்பரை அவரிடம் கொடுத்தேன். ஓட்டையின் மேல் வைத்தார், நகர்த்தினார். அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேப்பரும் கையுமாகப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு தடவ கேட்டேன் சார் அவர," என்றார். "ரெண்டு தடவ."

தாழ்வாரத்துச் சுவரில் அவருடைய முதல் பரிசுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். புதிதாகத் தொடங்கும் வரைபடப் பிரிவுக்கு அவரைத்தான் தலைவராகப் போடப்போகிறார்கள் என்று தந்தி வாசல் காவலரிடம் விசாரித்து வந்து சொன்னாள். எனக்கு அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீங்க வாயத் திறக்க வேணாம்," என்றேன். "நான் பேசிக்கறேன்."

நான் பேசிக்கொள்கிறேன் என்று சொன்ன இடத்தில் எல்லாம் என்ன நடந்திருக்கிறது என்பது தந்திக்குத் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விசாரணை அறையில் நில அதிகாரி, எழுத்தர், ஒரு பக்கம் பெரியவரும் அக்காவும், கதவோரம் தம்பி. நான் பட்டர் பேப்பரை உயர்த்திப் பிடித்து, குற்றவாளி, நிழல், கைது என்று ஆரம்பித்தேன். அதிகாரி பேப்பரை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன?"

"சாட்சி சார்."

"வெண்ணெய் வாசம் வருது. விண்வெளிலேருந்து எடுத்த படத்துக்கு எதிரா பன்னு சுத்தின காகிதமா?"

டீச்சர் கொடுத்த படங்களை நீட்டினேன். இன்னொரு நாள் படத்தில் அது வறண்டு கிடந்தால் கோடைக்காலமாக இருக்கும் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

"சார், மூணு குளம் இருக்கே," என்றாள் தந்தி. "வழியில படத்த வெச்சுப் பாத்தேன். ஒண்ணு பேக்கரி. ஒண்ணு பள்ளிக்கூட மைதானம். மூணாவது எங்க இருக்குனு பாத்தீங்களா?"

அதிகாரி பேனா மூடியைத் திருகினார். "அது பரிசீலனைல இருக்கு."

"இந்த ஆபீஸ்தானே சார். நாம எல்லாரும் தண்ணிக்குள்ளதான் உக்காந்திருக்கோம்."

எழுத்தர் இருமுவது போலச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"கிண்டல் சாட்சி ஆகாதும்மா. பயிற்சி முடிச்சு முதல் பரிசு வாங்கின ஒருத்தர் செஞ்ச படம் இது. தப்புன்னா அவர் வந்து தப்புனு சொல்லட்டும். வேற யார் சொன்னாலும் செல்லாது. உத்தரவு எழுதிடலாமா?"

எழுத்தர் தாளை இழுத்தார். அக்கா தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதீங்க சார்," என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "செஞ்சவன் நான்தான். தப்புதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுப் பேசுங்க தம்பி. உங்க ஆர்டர் என் மேசைலதான் இருக்கு. இன்னும் கையெழுத்துப் போடல."

"தெரியும் சார்." அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "படத்துல இருக்கறது தண்ணி இல்ல, மேகத்தோட நிழல். வெட்டியிருக்கணும், விட்டுட்டேன். அதச் சொல்லிக் குடுத்தப்ப நான் தூங்கிட்டேன். அங்க குளமே இருந்ததில்ல. எங்கப்பா சொன்னதுதான் உண்மை."

அதிகாரி பட்டர் பேப்பரை வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தார். பிறகு நோட்டீஸின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேசை மேல் கிடந்த இன்னொரு தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அது எந்தத் தாள் என்று அந்த அறையில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தோம். தம்பி தன் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். பெரியவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நெசமாவே அங்க குளம் இல்லையாடா?" என்று கேட்டார்.

தம்பி திகைத்துப் போனார். "நீங்கதானேப்பா இல்லன்னீங்க."

"சொன்னேன். நீ மறுபடியும் கேட்டியே, அதுலேருந்து எனக்கே நம்பிக்கை இல்லாம போச்சு. படிச்ச புள்ள, மேலேருந்து பாத்துட்டுச் சொல்றான், நமக்குத்தான் வயசாகி மறந்துபோச்சுனு நெனச்சிட்டேன். தெனமும் உக்காந்து, எப்பத் தூத்தேன், யாரு கூட இருந்தாங்கனு ஞாபகப்படுத்திப் பாத்துக்கிட்டே இருந்தேன்டா."

தம்பி அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலிலேயே அழுதார். தந்தி தன் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். மிச்சமிருந்த பன் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.